முதலில் ‘கேன்சல்’ என்று சொல்வது யார்? பெருந்தொற்றுக் காலத்தில் பயண அட்வான்ஸை விடுவதா, பிடித்துக்கொள்வதா

டூருக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. பிறகு தொற்றுச் செய்தி வருகிறது. வீட்டில் பாதிப் பேர் போகவே வேண்டாம் என்கிறார்கள், மீதிப் பேர் கட்டின பணம் என்னாவது என்கிறார்கள். அந்தப் பதற்றத்தில் பலரும் செய்யும் முதல் வேலை, டிராவல்ஸ்காரருக்கு போன் போட்டு “கேன்சல் பண்ணிடுங்க” என்பது. பெரும்பாலும் பணம் போவது அந்த ஒரு சொல்லில்தான்.

நீங்கள் வேண்டாம் என்றால், ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் ரத்துக் கட்டணம் உங்கள் மேல் விழும். அவரால் வண்டியை ஓட்ட முடியவில்லை, அரசு தடை போட்டுவிட்டது, விமானம் நின்றுவிட்டது என்றால் கணக்கே வேறு. அதே பயணம், அதே தேதி, அதே கிருமி. வாயைத் திறந்தது யார் என்பதில்தான் வித்தியாசம். 2020 மார்ச்சில் ரயில்கள் நின்றபோது ரயில்வே தரப்பே சொன்னது இதைத்தான்: ரத்தான ரயிலின் இ-டிக்கெட்டை நீங்களாக ரத்து செய்யாதீர்கள், முழுப் பணம் தானாக வரும் என்றார்கள். அவசரப்பட்டு முன்பே பட்டனைத் தட்டியவர்களுக்கு முதலில் பிடித்தம் போக மீதிதான் வந்தது, பிடித்ததைத் திருப்பித் தருவதாக ரயில்வே பிறகுதான் அறிவித்தது.

சட்டமும் இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, ஒப்புக்கொண்ட காரியம் பின்னால் செய்யவே முடியாததாகவோ சட்டவிரோதமாகவோ ஆகிவிட்டால் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அப்படிச் செல்லாமல் போன ஒப்பந்தத்தில் வாங்கிய பலனைத் திருப்பித் தர வேண்டும் என்பது 65ஆம் பிரிவு. நீங்களாக விலகும்போது வருவது 74ஆம் பிரிவு. ‘அட்வான்ஸ் திரும்பாது’ என்று அச்சடித்திருந்தாலும் நியாயமான இழப்பீடு அளவுக்குத்தான் உரிமை உண்டு, அபராதம் போல அடிக்க முடியாது என்று அதை வைத்து வாதாடலாம். ஆனால் ஒன்று. ‘அரசுத் தடை, பெருந்தொற்று ஏற்பட்டால் பணம் திரும்பாது, வேறு தேதி தரப்படும்’ என்று ரசீதிலேயே வரி இருந்தால், முதலில் அந்த வரியைத்தான் பார்ப்பார்கள். கோவிட்டுக்குப் பிறகு அடித்த ரசீதுகளில் இந்த வரி இருக்கிறதா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே தேடுங்கள். பயம், செலவு ஏறிவிட்டது, போக மனசில்லை என்பதெல்லாம் 56ஆம் பிரிவில் அடங்காது.

முதலில் நான்கு விஷயம்

போனை எடுப்பதற்கு முன் ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் முன்னால் வைத்துக்கொண்டு ஒரு தாளில் எழுதுங்கள்: இதுவரை கட்டியது எவ்வளவு, அடுத்த தவணை என்றைக்கு, எந்தத் தேதி தாண்டினால் ரத்துக் கட்டணம் எவ்வளவு ஏறும், கட்டிய பணம் இப்போது யார் கையில் இருக்கிறது. கடைசிக் கேள்வியைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். டிராவல்ஸ்காரர் இன்னும் ஓட்டலுக்கோ விமான நிறுவனத்துக்கோ அனுப்பவில்லை என்றால் பணம் அவர் மேசையிலேயே இருக்கிறது. திருப்பித் தர அவருக்கு மனசு இருந்தால் போதும். அனுப்பிவிட்டார் என்றால் அத்தாட்சி கேளுங்கள்: விமானத்துக்கு பி.என்.ஆர். எண், ஓட்டலுக்கு முன்பதிவு உறுதிச் சீட்டு. பி.என்.ஆரை அந்த விமான நிறுவனத்தின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். ‘குரூப்பில் பிளாக் பண்ணியிருக்கோம்’ என்பது டிக்கெட் எடுத்ததாக ஆகாது.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து நான்கு பேர் காஷ்மீர் போகிறார்கள். தலைக்கு 28,000, மொத்தம் 1,12,000 ரூபாய். அட்வான்ஸ் 30,000. பாக்கி 82,000ஐப் புறப்படுவதற்கு 31 நாள் முன்பு கட்ட வேண்டும். நிபந்தனை இப்படி: 30 நாளுக்கு மேல் இருக்கும்போது விலகினால் அட்வான்ஸ் போகும்; 30 முதல் 15 நாளுக்குள் என்றால் மொத்தத்தில் பாதி, அதாவது 56,000; 14 முதல் 8 நாள் என்றால் முக்கால் பங்கு, 84,000; கடைசி 7 நாளில் முழுதும்.

இன்றைக்கு 40 நாள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றே முடிவெடுக்க வேண்டிய அவசியமே இல்லை. இன்று விலகினாலும் 30,000, ஒன்பது நாள் கழித்து விலகினாலும் அதே 30,000. அந்த ஒன்பது நாள் இலவசக் காத்திருப்பு. அதற்குள் அவர்களே ரத்து என்று சொல்லிவிட்டால் உங்களுக்கு லாபம்.

31ஆம் நாள் வருகிறது, அதாவது புறப்பட இன்னும் 31 நாள். இப்போதுதான் உண்மையான கேள்வி. பாக்கியைக் கட்டிவிட்டு, 15ஆம் நாள் வரை பார்த்து அப்போது விலகினால் இழப்பு 56,000. இன்று விலகினால் 30,000. இடையில் உள்ள 26,000 ரூபாய்தான் அந்த 16 நாள் காத்திருப்பின் விலை. அந்த 16 நாளில் புதிதாக ஏதாவது தெரியவரும் என்றால் (அரசு உத்தரவு காலாவதியாகும் தேதி, பள்ளித் தேர்வுத் தேதி, மருத்துவரின் பதில்) கொடுக்கலாம். ‘பார்ப்போமே’ என்பதற்கு 26,000 அதிகம்.

கூடவே இதையும் கேட்டுப் பாருங்கள்: அட்வான்ஸே கட்டவில்லை, இதே பயணம் இன்றைக்கு 82,000க்குக் கிடைக்கிறது, எடுப்பீர்களா? இல்லை என்றால் 30,000ஐ விட்டுவிடுங்கள். போன முப்பதைக் காப்பாற்ற எண்பத்திரண்டைப் பின்னால் அனுப்பித்தான் பல குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன.

பாக்கி 82,000 என்பதும் முழுக் கணக்கு இல்லை. தொற்றுக் காலத்தில் பயணத்துக்கு மேல்செலவு உண்டு. நான்கு பேருக்குப் பரிசோதனை. போன இடத்தில் ஒருவருக்குத் தொற்று வந்தால் மற்றவரும் அங்கேயே தங்க வேண்டும்: அறை ஒன்றுக்கு 2,500, இரண்டு அறை, ஏழு நாள் என்றாலே 35,000. திரும்பும் டிக்கெட் புதிது. ஊர் வந்தபின் தனிமை என்றால் அத்தனை நாள் சம்பள இழப்பு. 2020இல் 14 நாள் வீட்டுத் தனிமை சாதாரணமாக இருந்தது. வேலூர்ப் பக்கத்தில் இதில் இன்னொரு சிக்கல் உண்டு. வீட்டில் யாராவது சி.எம்.சி. மருத்துவமனையிலோ வேறெங்கோ தொடர் சிகிச்சையில் இருந்தால், அந்த 14 நாளில் ரிவியூ தேதி விழுகிறதா என்று பாருங்கள். டயாலிசிஸ், கீமோ நடக்கிற வீட்டில் இந்தக் கணக்கெல்லாம் போடவே தேவையில்லை, அட்வான்ஸை விட்டுவிடலாம்.

31ஆம் நாளில் மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது, கேட்பதற்குக் காசில்லை. பாக்கியைப் புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பு கட்டுகிறோம், அதுவரை இதே நிபந்தனையில் வையுங்கள் என்று கேளுங்கள். அவரும் ஓட்டலுக்கு இன்னும் கட்டாமல் காத்திருக்கலாம். ஒப்புக்கொண்டால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

வேன், டெம்போ டிராவலர்

நம் பக்கத்தில் அதிக அட்வான்ஸ் போவது இங்கேதான். திருப்பதி, வேளாங்கண்ணி, மேல்மருவத்தூர், சபரிமலை என்று தெருவே சேர்ந்து வண்டி பேசும். ரசீது பெரும்பாலும் ஒரு துண்டுச் சீட்டு, சில சமயம் அதுவும் இல்லை.

வண்டிக்காரருக்கு உண்மையில் என்ன நஷ்டம் என்று தெரிந்து பேசினால் பேச்சு சுமுகமாக முடியும். டீசல் போடவில்லை, டிரைவர் பேட்டா கொடுக்கவில்லை. வெளிமாநிலப் பயணத்துக்குத் தற்காலிக பர்மிட் தேவைப்பட்டால், அதைப் பெரும்பாலும் புறப்படும் நாளை ஒட்டித்தான் எடுப்பார்கள். எடுத்துவிட்டேன் என்றால் பர்மிட் நகலைக் கேளுங்கள், அந்தத் தொகையைக் கழித்துக்கொள்வது நியாயம். அந்தத் தேதிக்கு வந்த வேறு வாடகையை உங்களுக்காக அவர் விட்டிருந்தால் அதுவும் நஷ்டம்தான். ஆனால் ஊரே முடங்கிக் கிடக்கும்போது வேறு வாடகை வந்திருக்காது.

திருப்பதி என்றால் இரண்டு மாநில உத்தரவுகளையும் பார்க்க வேண்டும். காட்பாடியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஆந்திரம் வந்துவிடுகிறது. 2020 ஏப்ரலில் குடியாத்தம் பக்கம் சைனகுண்டாவிலும் பொன்னையிலும் எல்லைச் சாலையின் குறுக்கே சுவரே எழுப்பினார்கள், பிறகு இடித்தார்கள். அந்த ஆண்டு மார்ச் 20 முதல் திருமலையில் பக்தர்களுக்குத் தரிசனம் நிறுத்தப்பட்டு, ஜூனில்தான் திறந்தது. சாலை மூடியிருந்தாலும் சரி, கோயில் மூடியிருந்தாலும் சரி, பயணத்தின் நோக்கமே போய்விட்டது என்று சொல்ல உங்களுக்கு வலுவான இடம் இருக்கிறது. சாலையும் திறந்து கோயிலும் திறந்திருக்க, நீங்கள் பயந்து நின்றால் அந்த இடம் இல்லை.

பேசும்போது இப்படிப் பேசலாம்:

“அண்ணே, நாங்க கேன்சல் பண்ணலண்ணே. பதினெட்டாம் தேதி வண்டி எடுக்க முடியுமா, பார்டர்ல விடுவாங்களா, அத மட்டும் சொல்லுங்க.”

“எங்கப்பா விடறான், செக்போஸ்ட்லயே திருப்பி அனுப்பறான்.”

“அப்ப வண்டி எடுக்க முடியாதுன்னு வாட்ஸ்அப்ல ஒரு வார்த்த போட்டுடுங்கண்ணே. தெருவுல எல்லாருக்கும் நான் காட்டணும்.”

அந்த ஒரு வார்த்தை வந்துவிட்டால், ஓட்ட முடியாதவர் அவர் என்பது எழுத்தில் நின்றுவிடும். பிறகு பணமா, தேதி மாற்றமா என்று நிதானமாகப் பேசலாம். ஒற்றை வண்டி வைத்து மாதத் தவணை கட்டுபவரிடம் முழுதையும் பிடுங்குவதைவிட, பாதி இப்போது, பாதி அடுத்த பயணத்தில் கழிவு என்று முடிப்பது இரண்டு பக்கமும் தாங்கும். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ரிசர்வ் வங்கி கடன் தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. தெருவில் யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலையும் அன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்காரரோடு வரும் சண்டையைவிட, வசூல் பண்ணியவரோடு வரும் சண்டைதான் நீளும்.

விமானம், ரயில்

விமானத்தை நிறுவனமே நிறுத்தினால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். 2020 மார்ச் 25 முதல் மே 24 வரை உள்நாட்டு விமானங்கள் நின்றன. பல நிறுவனங்கள் பணம் தராமல் ‘கிரெடிட் ஷெல்’லில், அதாவது பின்னால் டிக்கெட் எடுக்க உதவும் கடன்சீட்டாக, போட்டன. அது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1 அன்று தீர்ப்பளித்தது. ஊரடங்கில் எடுத்த, ஊரடங்குக் காலத்துக்கான டிக்கெட்டுக்கு உடனே முழுப் பணம். முன்பே எடுத்ததற்கு 15 நாளில் பணம். நிதி நெருக்கடி என்றால் 2021 மார்ச் 31 வரை செல்லும் கிரெடிட் ஷெல். அதை வேறொருவருக்கு மாற்றலாம். பயன்படுத்தாவிட்டால் 2020 ஜூன் 30 வரை மாதம் 0.5 சதவீதமும் அதன்பின் 0.75 சதவீதமும் மதிப்பு ஏறும், கடைசியில் பணமாகவே தர வேண்டும். அடுத்த முறை இதே விதி தானாக வந்துவிடாது. ஆனால் கடன்சீட்டு வாங்கும்போது என்னென்ன கேட்க வேண்டும் என்பதற்கு அந்தத் தீர்ப்பைவிட நல்ல பட்டியல் கிடையாது: காலாவதித் தேதி, பிறருக்கு மாற்றும் உரிமை, பயன்படுத்தாவிட்டால் பணம். இதோடு, அன்றைய விலை ஏறியிருந்தால் வித்தியாசத்தை யார் தருவது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இந்த நான்கும் எழுத்தில் இல்லாத கடன்சீட்டை, பணத்துக்குப் பாதி மதிப்புள்ளதாகவே வைத்துக் கணக்குப் போடுங்கள். நிறுவனம் மூடிவிட்டால் அதற்கு மதிப்பே இல்லை.

ஏஜென்ட் வழியாக எடுத்த டிக்கெட்டுக்குப் பணம் ஏஜென்ட் கணக்குக்குத்தான் போகும். பலர் மாதக்கணக்கில் ஏமாந்தது இந்த இடத்தில். விமான நிறுவனத்துக்கு நேரடியாக எழுதி, எந்தத் தேதியில் எவ்வளவு திருப்பினீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பதிலைக் காட்டினால் ஏஜென்டிடம் ‘இன்னும் வரலை சார்’ நின்றுவிடும். ஊரடங்கு கால டிக்கெட் பணத்தைப் பயணிகளுக்குத் தராமல் வைத்திருந்த ஓர் இணையவழி நிறுவனத்துக்கு, திருப்பித் தரச் சொல்லி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024இல்கூட உத்தரவிட்டது.

ரயிலில் வேலை குறைவு. ரயில் ரத்தானால் இ-டிக்கெட்டுக்குத் தானாக வரும். காட்பாடியில் கவுன்டரில் எடுத்த டிக்கெட் என்றால் அசல் டிக்கெட்டோடு போக வேண்டும். 2020 ஊரடங்கில் ரத்தான ரயில்களுக்கு அதற்கான அவகாசத்தைப் படிப்படியாக நீட்டி, கடைசியில் ஒன்பது மாதமாக்கினார்கள். டிக்கெட்டின் மை மங்கிவிடும், வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவையுங்கள்.

உம்ரா, ஹஜ்

மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வீடுகளுக்கு இது பெரிய தொகை. 2020 பிப்ரவரி 27 அன்று சவூதி அரசு வெளிநாட்டு உம்ரா பயணிகளை ஒரே நாளில் நிறுத்தியது. அந்த ஆண்டு ஹஜ்ஜுக்கும் அந்நாட்டுக்குள் இருப்பவர்களையே அனுமதித்தது. இந்திய ஹஜ் கமிட்டி வழியாகக் கட்டியவர்களுக்குப் பிடித்தம் எதுவும் இல்லாமல் முழுத் தொகையும் வங்கிக் கணக்குக்குத் திரும்பியது. தனியார் ஏற்பாட்டாளரிடம் கட்டியவர்களின் கதை ஒவ்வொன்றும் வேறு. அங்கே பணத்தை மூன்றாகப் பிரித்துக் கணக்குக் கேளுங்கள்: விசா, விமானம், தங்குமிடம். விசா வந்துவிட்டால் அந்தக் கட்டணம் வருவது கடினம். விமானப் பணம் விமான நிறுவன விதிப்படி. தங்குமிடப் பணத்தை அவர் இன்னும் அனுப்பாமல் இருக்கலாம். ‘மொத்தமும் போச்சு’ என்ற பதிலை ஏற்க வேண்டாம்.

இன்ஷூரன்ஸ், கார்டு

பயண இன்ஷூரன்ஸை நம்பிப் பெரும்பாலும் முடிவெடுக்க முடியாது. பட்டியலில் உள்ள காரணத்துக்குத்தான் பணம் வரும். உங்களுக்கே நோய், சான்று இருக்கிறது என்றால் வரலாம். பயந்து போகாமல் விட்டதற்கு வராது. தொற்று பரவுகிற செய்தி வந்தபின் எடுத்த பாலிசியில், தெரிந்த நிகழ்வு என்று தள்ளிவிடுவார்கள்.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், சேவை தரப்படவில்லை என்று வங்கியிடம் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியாகவே திரும்பப் பெறுவது) கேட்கலாம். பொதுவாக 120 நாள் அவகாசம், டிராவல்ஸ்காரரோடு இழுத்துக்கொண்டே இருந்தால் அது தாண்டிவிடும். யு.பி.ஐ.யில் அனுப்பியதற்கு அவ்வளவு வலுவான கைப்பிடி இல்லை. கையில் கொடுத்த பணத்துக்கு ரசீதுதான் எல்லாம்.

எழுதி அனுப்புவது

கோபம் இல்லாமல், தேதி, தொகையோடு ஐந்தாறு வரி போதும்:

‘ஐயா, ……… தேதியில் புறப்படும் பயணத்துக்கு ………  ரூபாய் அட்வான்ஸ் கட்டியுள்ளோம், ரசீது எண் ……… . நாங்கள் பயணத்தை ரத்து செய்யவில்லை. தற்போதைய அரசு உத்தரவின்படி இப்பயணத்தை நீங்கள் நடத்த இயலுமா என்பதை ……… தேதிக்குள் தெரிவிக்கவும். இயலாது எனில் தொகையைத் திருப்பித் தரவும், அல்லது மாற்றுத் தேதிக்கான நிபந்தனைகளை எழுத்தில் தரவும். ஏற்கெனவே வெளியே செலுத்திய தொகை ஏதேனும் இருந்தால் அதன் நகலை அனுப்பவும்.’

‘ரத்து செய்யவில்லை’ என்ற வரியை எடுத்துவிடாதீர்கள். பதில் வராவிட்டால் 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி கோவாவில் இருந்தாலும் நீங்கள் கோவா போக வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், இணையத்திலும் போடலாம். ‘ஒப்பந்தமே நியாயமற்றது’ என்று வாதிட்டால் மாநில ஆணையத்துக்குப் போகச் சொல்வார்கள். ‘சேவை தரவில்லை, பணத்தைத் திருப்பவில்லை’ என்று எழுதினால் மாவட்டத்திலேயே நடக்கும். மூவாயிரம் ரூபாய்க்கு இவ்வளவு அலைய வேண்டுமா என்றால், 1915 வரை போய்ப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வதில் தப்பில்லை.

விடுவது என்று முடிவானால்

விடுவதையும் எழுத்தில் விடுங்கள். ‘அட்வான்ஸ் தொகை தவிர எங்களிடமிருந்து வேறு எதுவும் பாக்கி இல்லை’ என்று அவரிடம் ஒரு வரி வாங்குங்கள். இல்லாவிட்டால் இரண்டு மாதம் கழித்து மீதி ரத்துக் கட்டணம் என்று பில் வரும். கார்டிலோ வங்கியிலோ தானியங்கித் தவணை போட்டிருந்தால் அன்றே நிறுத்துங்கள். கொடுத்த ஆதார் நகல்கள், போட்டோக்களைத் திருப்பி வாங்குங்கள். பாஸ்போர்ட் அவர் கையில் இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் அதை வாங்கிவிட்டு, அதன்பிறகு பணத்தைப் பற்றிப் பேசுங்கள். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. கட்டண பாக்கி இருக்கிறது என்று சொல்லி அதைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்த டிராவல்ஸுக்கும் உரிமை கிடையாது.